அச்சு மேசை: சாய்த்தால் மட்டும் இட்டாலிக் ஆகுமா?

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: "கணினியில் ஐ பொத்தானை அமுக்கினால் வருவதெல்லாம் இட்டாலிக் இல்லை." அவ்வளவுதான், இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றியே. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, பொத்தானை அமுக்கினால் எழுத்து சாய்கிறதே! அது இட்டாலிக் இல்லையென்றால் வேறு எதுதான் இட்டாலிக்?
(வரைகலை படிக்கும் மாணவி)

பதில்: பொத்தான் மேல் குற்றமில்லை அம்மா. அது எதை எடுத்துப் போடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கரமண்ட், பெம்போ, காஸ்லன் மாதிரியான பழைய செரிஃப் (கோடுகளின் முனையில் சிறு நீட்டல் உள்ள) எழுத்துருக் குடும்பங்களில், ரோமன் எனப்படும் நிமிர்ந்த சாதாரண எழுத்துக்கு ஒரு கோப்பும் இட்டாலிக்குக்குத் தனியாக இன்னொரு கோப்பும் இருக்கும். அந்த இரண்டாவது கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் சரி. இல்லையென்றால் மென்பொருள் சும்மா இருக்காது. ரோமனையே பிடித்துத் தள்ளிச் சாய்த்துக் காட்டிவிடும். இதைத்தான் போலி இட்டாலிக் என்கிறோம்.

கண்டுபிடிப்பது சுலபம். சிற்றெழுத்து 'ஏ'-யைப் பாருங்கள். ரோமனில் கீழே ஒரு வயிறு, மேலே கவிழ்ந்த ஒரு வளைவு என்று இரண்டு அடுக்காக இருக்கும். அசல் இட்டாலிக்கில் மேல் வளைவே கிடையாது. நாம் கையால் எழுதுவதுபோல ஒரு வயிறும் அதை ஒட்டி ஒரு கோடும்தான். அப்புறம் 'எஃப்'. ரோமனில் அது, எழுத்துகள் உட்காரும் அடிக்கோட்டின் மேல் நின்றுவிடும். பழைய பாணி இட்டாலிக்கில் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கி வால் வளைத்திருக்கும். 'என்', 'எம்' எழுத்துகளின் காலடியையும் கவனியுங்கள். ரோமனில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு தட்டையாகச் செரிஃப் இருக்கும். இட்டாலிக்கில் அது போய், பேனா காகிதத்தைத் தொடும் இடத்தில் ஒரு சிறு கொக்கி, விட்டு விலகும் இடத்தில் ஒரு சிறு கொக்கி. இவை எதுவும் மாறாமல் எழுத்து மட்டும் காற்றில் சாய்ந்த மாதிரி தெரிந்தால் அது போலி.

அகலமும் சொல்லிவிடும். அசல் இட்டாலிக் ரோமனைவிடக் கொஞ்சம் ஒடுங்கியே இருக்கும். போலியில் அகலம் அப்படியே இருக்கும். போதாததற்கு வட்ட எழுத்துகளில் மை தவறான இடத்தில் குவிந்து, 'ஓ' நசுங்கின மாதிரி ஆகிவிடும்.

சாய்வு இதில் கடைசி விஷயம். ஆங்கிலேயக் கலைஞர் எரிக் கில் 1930 வாக்கில் வரைந்த ஜோவானா எழுத்துருவின் இட்டாலிக் வெறும் 3 டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. அளவுகோல் வைத்துப் பார்த்தால்தான் சாய்வே தெரியும். ஆனால் ரோமனுக்கு நடுவில் ஒரு சொல்லை அதில் வைத்துப் பாருங்கள், பளிச்சென்று தனியாக நிற்கும். உடம்பு ஒடுங்கியிருக்கிறது, உருவம் கையெழுத்தின் உருவம். அதுவே போதும்.

கேள்வி: காகிதத்தை மிச்சம் பிடிக்கத்தான் இட்டாலிக்கைக் கண்டுபிடித்தார்கள் என்று எங்கும் எழுதியிருக்கிறதே, உண்மையா?
(நெடுநாள் வாசகர்)

பதில்: எங்கும் எழுதியிருப்பதென்னவோ உண்மை. எனக்குத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கதை இப்படி. வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளர். அவருக்கு அச்செழுத்து வார்ப்பதற்காக எஃகுத் துண்டின் முனையில் எழுத்து வெட்டித் தந்தவர் போலோன்யாக்காரர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. 1500-ல் ஆல்டஸ் வெளியிட்ட புனித கத்தரீனாவின் கடிதங்கள் நூலில் ஒரு படம் இருக்கிறது. அதில் புனிதையின் கையிலுள்ள புத்தகத்திலும் இதயத்திலும் சில சொற்கள் மட்டும் இந்தப் புது எழுத்தில் வந்தன. அடுத்த ஆண்டே, 1501-ல், கவிஞர் வர்ஜிலின் நூல் முழுவதையும் இதே எழுத்தில் அடித்தார்கள். கையில் அடங்கும் சின்னப் புத்தகம். விளக்க உரையெல்லாம் கிடையாது, மூலம் மட்டும்.

இங்கேதான் சிக்கனக் கணக்கு இடிக்கிறது. வர்ஜில் எழுதியது கவிதை. ஒரு அடிக்கு ஒரு வரி. எழுத்தை எவ்வளவு ஒடுக்கினாலும் ஆயிரம் அடி ஆயிரம் வரியாகத்தான் வரும்; பக்கம் குறையாது. ஒடுங்கிய எழுத்தால் கிடைத்த லாபம் வேறு: நீளமான லத்தீன் அடி சின்னப் பக்கத்தின் அகலத்துக்குள் உடையாமல் உட்கார்ந்தது. புத்தகம் சிறுத்ததற்கு முக்கியக் காரணம் தாளை மூன்று முறை மடித்து எட்டாக்கியதும், உரையை வெட்டி எறிந்ததும்தான்.

பிறகு எதற்கு இந்த எழுத்து? அன்றைய படித்தவர்களின் கையெழுத்து அது. ஃபிளாரன்ஸின் நிக்கோலோ நிக்கோலி போன்றவர்கள் 1420-கள் முதல் வேகமாகப் படியெடுப்பதற்காகப் பழக்கிய, லேசாகச் சாய்ந்த, ஒன்றோடொன்று கைகோர்க்கும் எழுத்து. ஓரளவு வசதியுள்ள ஒருவர் தன் கைக்கு அடக்கமாக ஒரு கவிதைப் பிரதியை எழுதி வாங்கினால் அது எப்படி இருக்குமோ, அதே தோற்றத்தை ஆல்டஸ் அச்சில் தந்தார். அந்தத் தோற்றத்துக்காகவே கிரிஃபோ இரண்டு மூன்று எழுத்துகளை ஒட்டவைத்த கூட்டெழுத்துகளை டஜன் கணக்கில் வெட்டினார். சிக்கனம் மட்டும் நோக்கமாக இருந்தால் யாராவது இவ்வளவு எஃகை வீணாக்குவார்களா?

இன்னொரு வேடிக்கை, அந்த முதல் இட்டாலிக்கில் பெரிய எழுத்துகள் சாயவே இல்லை. சின்னதாக, நிமிர்ந்து நின்றன. வரியின் முதலெழுத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மற்றதைச் சாய்வில் தொடர்ந்தார்கள். போப்பின் எழுத்தர்களில் ஒருவரான லுடோவிகோ ஆரிகி 1524 முதல் ரோமில் அச்சிட்ட அழகான இட்டாலிக்கிலும் இதே கதைதான். பெரிய எழுத்தையும் சேர்த்துச் சாய்ப்பது பின்னால் பரவிய பழக்கம்.

கேள்வி: இதற்கெல்லாம் காப்புரிமை இருந்ததா? கிரிஃபோவுக்கு என்ன கிடைத்தது?
(சட்டம் படித்தவர்)

பதில்: உரிமை ஆல்டஸுக்குக் கிடைத்தது. 1502-ல் வெனிஸ் செனட் கொடுத்தது. ஆனால் வெனிஸின் ஆணை பிரான்ஸின் லியோன் நகரத்தில் செல்லுபடியாகுமா? அங்கே அப்படியே காப்பியடித்தார்கள். ஆல்டஸ் கடுப்பாகி 1503-ல் ஒரு எச்சரிக்கைத் தாள் வெளியிட்டார்: போலிப் பிரதியில் இன்னின்ன அச்சுப்பிழை இருக்கும், காகிதம் மட்டமாக இருக்கும், ஒரு மாதிரி நாற்றம் அடிக்கும் என்று பட்டியல். லியோன்காரர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்தே தங்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள்! இலவசமாக ப்ரூஃப் பார்த்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

கிரிஃபோவுக்கு வர்ஜில் நூலில் மூன்று வரிப் பாராட்டுக் கவிதை கிடைத்தது. பிறகு இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கிரிஃபோ ஃபானோ ஊருக்குப் போய் கெர்ஷோம் சொன்சினோ என்ற அச்சகக்காரருக்கு இன்னொரு இட்டாலிக் வெட்டினார். 1503-ல் சொன்சினோ வெளியிட்ட பெட்ரார்க் நூலின் முன்னுரையில், ஆல்டஸின் எழுத்துகளை உண்மையில் உருவாக்கியவர் இவர்தான் என்று போட்டு உடைத்தார். கடைசிக் காலம் சோகம். சொந்த ஊர் திரும்பித் தானே புத்தகம் போடத் தொடங்கிய 1516-ல், மருமகனைக் கொன்றதாக வழக்கு. அதற்கப்புறம் ஆள் வரலாற்றிலிருந்தே காணாமல் போகிறார்.

கேள்வி: என் கவிதைத் தொகுப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு வருகிறது. முழுவதும் இட்டாலிக்கில் வேண்டும் என்றேன். பதிப்பாளர் முடியாது என்கிறார். ஆல்டஸ் செய்யவில்லையா என்ன?
(கோபத்தில் இருக்கும் கவிஞர்)

பதில்: நான் பதிப்பாளர் கட்சி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆல்டஸின் வாசகர்கள் தினமும் அந்தக் கையெழுத்தையே எழுதி, அதையே படித்து வளர்ந்தவர்கள். இன்றைய கண் ரோமனில் பழகியது. நான்கு வரி இட்டாலிக் வந்தால் குரல் மாறிய மாதிரி இருக்கும், சுகமாக இருக்கும். நாற்பது பக்கம் வந்தால் தொடர்ந்து காதோரம் கிசுகிசுக்கிற ஆளிடம் மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தவிர, எல்லாமே இட்டாலிக் என்றால் தனித்துக் காட்ட வேண்டிய சொல்லை எப்படிக் காட்டுவீர்கள்? திருப்பி ரோமனில் போடலாம்தான், ஆனால் அது அலறும்.

ஒரு சமரசம் சொல்கிறேன். சமர்ப்பணம், முகப்பு மேற்கோள், நடுவே ஒரு சின்னக் கவிதை வரிசை, இவற்றை மட்டும் இட்டாலிக்கில் கேளுங்கள். ஆரிகியின் எழுத்தை ஒட்டி மோனோடைப் என்ற அச்செழுத்து நிறுவனம் 1923-ல் செய்த பிளாடோ மாதிரி ஒன்றைப் பரிந்துரைப்பேன். ஆரிகி மரபில் தலையும் வாலும் நீளம், அதனால் வரிக்கு வரி இடைவெளி தாராளமாக விடச் சொல்லுங்கள். எழுத்துக்கு எழுத்து இடைவெளி மட்டும் கூட்டவே கூடாது; கைகோர்த்து நடப்பதற்காக வரைந்த எழுத்துகளைப் பிரித்து நிறுத்தினால் பல் விழுந்த வாய் ஆகிவிடும். துணிச்சலான வடிவமைப்பாளர் கிடைத்தால், ஆல்டஸ் செய்ததுபோல வரியின் முதலெழுத்தை நிமிர்ந்த சின்னப் பெரிய எழுத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செங்குத்தான ஓரம் கண்ணுக்கு ஒரு பிடிமானம் கொடுக்கும்.

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த இட்டாலிக் எது? மழுப்பாமல் ஒரே பெயர் சொல்லவும்.
(சக தொழிலாளி)

பதில்: ராபர்ட் கிரான்ஜான். பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர். கரமண்ட் என்பவர் வெட்டிய ரோமனுக்குப் பக்கத்தில் இன்று நாம் வைக்கும் இட்டாலிக் பெரும்பாலும் இவருடைய மரபு. ராபர்ட் ஸ்லிம்பாக் 1989-ல் அடோபி மென்பொருள் நிறுவனத்துக்காகக் கரமண்டை மறுபடி வரைந்தபோதும் ரோமனுக்குக் கரமண்ட், இட்டாலிக்குக்குக் கிரான்ஜான் என்றே எடுத்துக்கொண்டார். இருவரும் தனித்தனி ஆட்கள். தனித்தனியாக வெட்டியதைப் பிற்காலம் ஜோடி சேர்த்தது. ரோமனும் இட்டாலிக்கும் அண்ணன் தம்பியாகவே பிறந்தவை என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

மோனோடைப்பின் பழைய கரமண்டை (1922) எடுத்துக்கொண்டால் அது இன்னொரு கூத்து. அதன் மூலம் கரமண்டே இல்லை. அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பின் ழான் ழானோன் என்பவர் வெட்டியது. அச்சு வரலாற்றை ஆராய்ந்த பியாட்ரிஸ் வார்டு 1926-ல் ஆண் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதி இதை வெளிக்கொண்டு வந்தார். அதன் இட்டாலிக்கில் பெரிய எழுத்துகள் ஆளுக்கொரு கோணத்தில் சாயும். ஒழுங்கு பிடித்தவர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கு அந்தத் தள்ளாட்டம்தான் பிடிக்கும்.

பெம்போவையும் விட மனமில்லை. அதன் ரோமன், ஆல்டஸ் 1495-96-ல் பியெத்ரோ பெம்போவின் சிறு நூலுக்குப் பயன்படுத்திய கிரிஃபோ எழுத்தின் மறுபிறவி. மோனோடைப் அதை 1929-ல் கொண்டுவந்தபோது அதற்கு இட்டாலிக் வேண்டியிருந்தது. ஆல்பிரட் ஃபேர்பாங்க் என்ற கையெழுத்துக் கலைஞர் ஒன்று வரைந்து கொடுத்தார். ஒடுக்கமான, துடிப்பான எழுத்து. அதிலேதான் வினை. ரோமனுக்கு அடங்கி நிற்காமல் தானே பேசியது. அதைத் தனியாக விற்றுவிட்டு, 1520-களில் வெனிஸில் இருந்த எழுத்தாசான் தாலியெந்தேயின் மாதிரியை ஒட்டி அமைதியான இன்னொன்றைச் செய்து ஜோடி சேர்த்தார்கள். புத்தகம் போடுகிறவனாகப் பார்த்தால் அந்த முடிவு சரி. ஆனால் ஃபேர்பாங்க் வரைந்ததைத் தனியே ஒரு அழைப்பிதழில் போட்டுப் பாருங்கள், கண்ணை எடுக்க முடியாது.

கேள்வி: சபோன் எழுத்துருவின் இட்டாலிக் மட்டும் ஏன் பருமனாக இருக்கிறது?
(புத்தக வடிவமைப்பாளர்)

பதில்: நல்ல கண் உங்களுக்கு. காரணம் இயந்திரம். ஈயத்தை உருக்கி வரி வரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பித்தளை அச்சு. அந்த ஒரே அச்சில் ரோமனும் இட்டாலிக்கும் மேலும் கீழுமாகச் செதுக்கப்பட்டிருக்கும். ஆகவே இரண்டுக்கும் அகலம் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். ஒடுங்கப் பிறந்த இட்டாலிக் வலுக்கட்டாயமாக அகலப்படும். யான் சிஹோல்ட் வடிவமைத்து 1967-ல் வந்த சபோன், லைனோடைப், எழுத்தெழுத்தாக வார்க்கும் மோனோடைப் இயந்திரம், கையால் எழுத்தெடுத்து அடுக்கும் கைக்கோர்ப்பு மூன்றிலும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் கட்டாயத்துக்குள் அவ்வளவு நன்றாகச் செய்ததே பெரிய காரியம்.

லைனோடைப்பில் 'எஃப்' படும் பாடும் தனி. கைக்கோர்ப்பு ஈய எழுத்தில் உடம்பு சதுரம், எழுத்து சாய்வு. அதனால் 'எஃப்'-பின் மூக்கும் வாலும் உடம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கும். நான் தொழில் பழகிய கேஸில் (எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைக்கும் தட்டு) இட்டாலிக் 'எஃப்' அறையில்தான் மூக்குடைந்தவை அதிகம். கோர்ப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் நகத்தால் தடவிப் பார்ப்போம். லைனோடைப்பில் அப்படித் தொங்கவிட வழியில்லை. ஆகவே மூக்கையும் வாலையும் மடக்கி உள்ளேயே அடைத்தார்கள். கூன் விழுந்த அந்த 'எஃப்'-பைப் பார்த்தாலே எந்த இயந்திரத்தில் வந்த புத்தகம் என்று சொல்லிவிடலாம்.

கேள்வி: ரோமனையே ஒழுங்காகச் சாய்த்து வரைந்தால் போதாதா? பெரிய ஆட்கள் யாரும் யோசிக்கவில்லையா?
(பொறியாளர்)

பதில்: யோசித்தார்கள். மோனோடைப் நிறுவனத்தின் ஆலோசகர் ஸ்டான்லி மாரிசன் 1926-ல் இதையே வாதாடிக் கட்டுரை எழுதினார்: இட்டாலிக் என்பது சாய்ந்த ரோமனாக இருந்தால் போதும், கையெழுத்துச் சேட்டை எதற்கு என்று. டச்சு வடிவமைப்பாளர் யான் வான் கிரிம்பன் 1931-ல் ரோமுலஸ் எழுத்துருவை அந்தக் கொள்கைப்படியே செய்தார். அமெரிக்காவில் டிவிக்கின்ஸ் என்ற வடிவமைப்பாளர் 1935-ல் எலெக்ட்ரா எழுத்துருவுக்குச் சாய்ந்த ரோமனைக் கொடுத்தார். பக்கத்தில் பார்த்தால் எது தனித்துக் காட்டியது, எது சாதாரணம் என்றே கண் தடுமாறியது. 1944-ல் எலெக்ட்ராவுக்குக் கையெழுத்துச் சாயலில் வேறொரு இட்டாலிக் வந்தது. மாரிசன் மேற்பார்வையில் 1932-ல் வந்த டைம்ஸ் நியூ ரோமனைத் திறந்து அதன் இட்டாலிக் 'ஏ'-யைப் பாருங்கள். ஒற்றை வயிறு!

கேள்வி: ஆங்கில பைபிளில் நடுநடுவே சில சொற்கள் இட்டாலிக்கில் வருகின்றன. அழுத்திப் படிக்க வேண்டுமா?
(மொழிபெயர்ப்பாளர்)

பதில்: அழுத்தவே கூடாது. மூலத்தில் இல்லாமல், ஆங்கில வாக்கியம் நிற்பதற்காக மொழிபெயர்த்தவர்கள் சேர்த்த சொற்கள் அவை. 1560-ன் ஜெனீவா பைபிளில் இந்த வழக்கம் இருக்கிறது. 1611-ன் கிங் ஜேம்ஸ் பதிப்பின் உடல் எழுத்து, கருப்பெழுத்து எனப்படும் தடித்த பழைய கோதிக் எழுத்து என்பதால் சேர்த்த சொற்களைச் சிறிய ரோமனில் போட்டார்கள். பிற்பாடு ரோமன் பதிப்புகளில் அவை இட்டாலிக் ஆயின. உங்கள் தொழிலில் இருப்பவர்களின் நேர்மைக்கு இதைவிட நல்ல அச்சு அடையாளம் எனக்குத் தெரியாது.

கேள்வி: ஆய்வேட்டில் எதை இட்டாலிக்கில் போடுவது என்று வழிகாட்டியும் நண்பர்களும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
(ஆய்வு மாணவர்)

பதில்: உங்கள் துறையின் வழக்கம்தான் முதலில், தம்பி. பொதுவாகச் சொன்னால், நூல் பெயர், இதழ் பெயர், கப்பல் பெயர் இட்டாலிக். உயிரியலில் பேரினமும் சிற்றினமும் இட்டாலிக், ஹோமோ சேப்பியன்ஸ் மாதிரி. மனித மரபணுவின் குறியீடு இட்டாலிக், அது உண்டாக்கும் புரதம் நிமிர்ந்தது. இந்த ஒன்றைத் தவறவிட்டால் பொருளே மாறிவிடும். இயற்பியலிலும் அதே கதை. 'எம்' சாய்ந்திருந்தால் நிறை, நிமிர்ந்திருந்தால் மீட்டர். மாறிகள் சாயும், அலகுகள் சாயாது, சைன், லாக் போன்றவையும் சாயாது.

அழுத்தத்துக்காகப் போடுவதைத்தான் குறைத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தின் அமைப்பே எந்தச் சொல்லில் அழுத்தம் என்று சொல்லிவிட்டால் இட்டாலிக் தேவைப்படாது. தட்டச்சுப் பிரதியிலோ ப்ரூஃபிலோ குறிக்க வேண்டியிருந்தால் சொல்லுக்கு அடியில் ஒற்றைக் கோடு. அலைக்கோடு போட்டால் போல்டு என்று எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாள் தயாரிக்கிறேன். முக்கியச் சொற்களுக்கு இட்டாலிக் சரியா?
(ஆசிரியை)

பதில்: வேண்டாம். பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கத்தின் வழிகாட்டியும் இட்டாலிக், அடிக்கோடு இரண்டையும் தவிர்த்து போல்டு போடச் சொல்கிறது.

கேள்வி: தமிழ் எழுத்தைச் சாய்த்தால் அது இட்டாலிக்தானே?
(பலர்)

பதில்: சாய்ந்த தமிழ், அவ்வளவுதான். லத்தீன் எழுத்துக்குப் பின்னால் ரோமன், இட்டாலிக் என்று இரண்டு தனிக் கையெழுத்து மரபுகள் இருந்தன. நம் எழுத்தில் அப்படி இரண்டாவது மரபு அச்சுக்குள் வரவில்லை. பொத்தானை அமுக்கினால் வருவது மேலே சொன்ன அதே தள்ளல்தான், சுழிகள் நசுங்கும். மேற்கோள் குறியோ போல்டோ போட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: இட்டாலிக் சொல்லுக்குப் பின் வரும் காற்புள்ளி சாய வேண்டுமா? அடைப்புக்குறி?
(ப்ரூஃப் பார்ப்பவர்)

பதில்: காற்புள்ளியில் இரண்டு கட்சி உண்டு. ஒட்டியிருக்கும் சொல்லோடு சேர்த்துச் சாய்ப்பது பழைய அச்சுக்கோர்ப்பவர் வழக்கம், வாக்கியத்துக்குச் சொந்தம் என்று நிமிர்ந்து விடுவது இன்னொன்று. எது என்றாலும் புத்தகம் முழுக்க ஒன்றே. அடைப்புக்குறியை நான் நிமிர்த்தியே வைப்பேன். உள்ளே கடைசி எழுத்து 'எஃப்' அல்லது 'டி'-யாக (d) இருந்தால் அதன் தலை அடைப்பில் முட்டும். மயிரிழை இடைவெளி ஒன்று செருகுங்கள். கேள்விக்குறி அந்த நூல் பெயருக்கே உரியதென்றால் சாயட்டும், உங்கள் வாக்கியத்துக்கு உரியதென்றால் நிமிரட்டும்.